தோணியும் கள்ளத்தோணியும்

ஆகாய வீதியிற் கப்பல் விடுகின்ற கதைகளை இக்காலத்துச் சிறுவர் பெரிதும் விரும்பிப் பார்க்கின்றனர். 1977ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' என்னும் திரைப்படம் அவ்வகைக் கதைகளுள் உலகெங்கும் பேர்பெற்றது. அக்கதையில் 'மில்லேனியம் பால்கன்' என்றொரு விண்கலம் வருகின்றது. அது போர்க்கப்பலன்று; அரசர் ஏறிச் செல்லும் அணிகலமுமன்று. பண்டம் ஏற்றுவதற்கெனச் செய்யப்பட்ட சிறியதொரு சரக்குக் கலமே. பார்வைக்குப் பழையது, அடிக்கடி பழுதுபடுவது. எனினும் அதன் தலைவன் தன் தேவைக்கேற்ப அதனைப் பலவாறு திருத்தி, மிக்க விரைவுடையதாக ஆக்கி வைத்திருக்கின்றான். தளத்தின் கீழே மறைவறைகள் உள. காவலர் கண்ணிற் படாமற் பண்டங்களைக் கடத்துவதற்கென அமைந்தவை அவை. ஒரு வேளை மனிதரே அவற்றுட் புகுந்து ஒளித்திருந்து உயிர் தப்புகின்றனர்.

விண்வெளியிற் பறக்கும் இக்கலத்தைக் கண்டு வியக்கும் நம் சிறுவருக்கு, அதன் முன்னோர் நம் கடலிலும் களப்பிலும் மிதந்தனர் என்று எடுத்துச் சொல்வார் சிலரே. ஆதலின், நேயர்களே, இன்று விண்வெளியை விட்டு வெல்லாவெளிக்கு வருவோம்.

மட்டக்களப்பு நாட்டிலே வயல் பரந்த நிலத்தை 'வெளி' என்று வழங்குவர். வாவியின் கிழக்கே, கடலோரமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. ஞாயிறு எழும் திசையிலுள்ளது. மேற்கே நெல்வயலும் மேய்ச்சல் நிலமும் காடும் குன்றுமாகப் பரந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு படும் திசையிலுள்ளது. அப்படுவான்கரையில், போரதீவுப்பற்றில் அமைந்தது வெல்லாவெளி. இப்பகுதியின் பாறைகளிற் பிராமி எழுத்துப் பொறிப்புகள் காணப்பட்டுள்ளன. ஆதலின் மிகப் பழங்காலத்திலேயே மக்கள் வாழ்ந்து வழங்கிய நிலம் இது என்பதில் ஐயமில்லை.

இரு கரைகளுக்கும் இடையில் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கின்றது மட்டக்களப்பு வாவி. படுவான்கரையில் நெல் விளையும். தயிரும் தேனும் விறகும் கிடைக்கும். எழுவான்கரையில் மீனும் கருவாடும் தேங்காயும் துணியும் கிடைக்கும். ஒரு கரையாரின்றி மறு கரையார் வாழ்தல் அரிது. இரண்டையும் இணைத்தது தோணி. மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே நெடுங்காலம் மக்களை ஏற்றி இறக்கிய ஓடத்தை அவ்வூரார் 'பாதை' என்றே அழைத்தனர். நிலத்தின் மேலுள்ள வழிக்கும் நீரின் மேற் செல்லும் ஓடத்துக்கும் ஒரே பெயர்! தோணியை அம்மக்கள் எவ்வாறு கருதினர் என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று பகரும். அவர்களுக்கு அது ஊர்தி மட்டுமன்று; வழியே அதுதான்.

வாவியின் வாய் எப்பொழுதும் திறந்திருப்பதில்லை. கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரி வெள்ளம் பெருகும்போது அது உடைபடும். உள்ளேயோ நீர் பல இடங்களில் ஆழமற்றது; கண்டல் மரங்களும் சேறும் நிறைந்தது. பெருங்கப்பல் இங்கே நுழைதற்கு இயலாது. கம்பூன்றியும் தண்டு வலித்தும் பாய் விரித்தும் செல்லக்கூடிய சிறு கலமே இங்கு ஏற்றது. நீர் ஆழமாயின் ஒருவகையாகவும், ஆழங்குறைந்தால் வேறொருவகையாகவும் அதனைச் செலுத்தலாம். நெல் ஏற்றும்போது நடுவிடத்தைப் பத்தாயம்போல ஆக்கிக் கிடுகால் மூடலாம். திருவிழாவுக்குச் செல்லும்போது குறுக்கே பலகையிட்டு மக்களை அமர்த்தலாம். காலத்துக்கும் பண்டத்துக்கும் ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தன்மையே சிறு கலத்தின் தனிப்பெருஞ் சிறப்பு.

கடலிற் சென்ற தோணிகளுக்கும் இச்சிறப்பு உண்டு. பாக்குநீரிணையில் ஓடிய தோணிகளைக் கண்டு பழகியோர் அவற்றின் அமைப்பை நன்கறிவர். அடிப்பாகம் ஆழமற்றது, ஆதலின் திட்டுகளும் பாறைகளும் மலிந்த நீரிற் செல்லலாம், துறைமுகம் இல்லாத மணற்கரையிலும் ஏற்றி நிறுத்தலாம். காற்று வலுத்தபோது தோணி சாயாதிருக்கக் குறுக்கே நீண்டதொரு பலகையை இடுவர். காற்றடிக்கும் பக்கத்திலே ஆட்கள் அப்பலகையின் நுனியிற் சென்று அமர்ந்து தம் உடற்பாரத்தாலே தோணியை நிமிர்த்துவர். காற்றுத் தணிந்தாற் பலகையை உள்ளே இழுத்துக்கொள்வர். பாய் சிறுக்கவும் பெருக்கவும் தக்கது. வெறுந்தோணிக்குப் பாரமாக மணலை இடுவர்; பண்டம் வந்ததும் மணலைக் கொட்டிவிடுவர்.

இவ்வளவும் இருந்தும், தோணியின் உயிர் மரத்திலில்லை. தண்டையலின் அறிவில் இருந்தது. வாடைக்காற்று எப்பொழுது எழும், சோழகம் எப்பொழுது திரும்பும், கச்சான் எவ்வளவு நாள் நிற்கும், கொண்டல் எந்த மாதத்தில் வீசும் என்பதெல்லாம் அவன் தந்தையிடம் கற்ற பாடம். விண்மீனைப் பார்த்து வழியறிவான். நீரின் நிறத்தைப் பார்த்து ஆழமறிவான். அரசாங்கக் கப்பல் ஆழமுள்ள வழியாலன்றிச் செல்ல முடியாது. தோணி எவ்வழியாலும் செல்லும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னாளிற் சட்டத்துக்கும் தோணிக்கும் இடையே நடந்த நெடும்போராட்டம் முழுதும் இதிலே அடங்கும்.

இனி, கடத்தல் என்பது எப்பொழுது தோன்றியது என்று வினவுவோம். சுங்கம் என்று தோன்றியதோ அன்றே கடத்தலும் தோன்றியது என்பதே விடை. சுங்கத்தைப் பழந்தமிழர் 'உல்கு' என்றனர். அரசனுக்குரிய பொருள்களுள் உல்கினையும் ஒன்றாகத் திருவள்ளுவர் எண்ணுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சுங்கங் கொள்வோர் பண்டப் பொதிகளின்மேற் சோழனது புலிப்பொறியை இட்டு அனுப்பினர் எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. அத்துறையில் வந்திறங்கிய பண்டங்களுள் ஈழத்திலிருந்து வந்த உணவுப்பொருளையும் அந்நூல் சேர்த்துச் சொல்லுகின்றது. ஈழத்துக் கலங்கள் அன்று சோழநாட்டுக்குச் சென்று முறைப்படி முத்திரை பெற்று வாணிபஞ் செய்தன. அநுராதபுரத்திலே, கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தில், தமிழ்க் குடும்பத் தலைவர் சிலர் கட்டிய மண்டபமொன்றில் அவரவர் இருக்கைகளிற் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் ஒருவன் நாவிகன். அன்று கடலோடி ஊரவையில் மதிப்புடன் அமர்ந்திருந்தான் என்பது இதனாற் புலனாகும்.

பிற்காலத்தில், 1070ஆம் ஆண்டில் அரியணையேறிய முதலாங் குலோத்துங்கன் சுங்கத்தை நீக்கி, 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று பெயர்பெற்றான். சுங்கம் தவிர்ந்தவிடத்தே சுங்கத்துக்கு அஞ்சி ஒளிக்கவேண்டிய தேவை எவனுக்கும் இல்லை. நேற்றுவரை மறைத்துக் கொண்டுவந்தவன் இன்று வெளிப்படையாகக் கொண்டுவருவான். அவனுடைய தோணியோ நேற்றைய தோணிதான். ஒரு கலத்தை வாணிபக் கலமென்றும் கள்ளக் கலமென்றும் வகுப்பது தச்சனின் உளியன்று, ஆள்வோனின் எழுத்தாணி. இவ்வுண்மையை நம் மட்டக்களப்பு வரலாறு மிகத் தெளிவாகக் காட்டுகின்றது.

1602ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கப்பற்றலைவனாகிய யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்புக் கரையில் வந்திறங்கினான். அங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதர்மசூரியனைக் கண்டான். அப்போது கரையோரத்தின் பெரும்பகுதியிற் போர்த்துக்கேயர் வலிமை பெற்றிருந்தனர். அவர்கள் தம் அனுமதிச்சீட்டு இல்லாமல் ஆசியக் கடலில் எக்கலமும் செல்லலாகாது என்று விதித்திருந்தனர். கடல் எல்லார்க்கும் பொது என்று எண்ணி வாழ்ந்த மக்களுக்கு, கடலிற் செல்வதற்கும் சீட்டு வேண்டும் என்ற செய்தி புதிது. 1628ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலே போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1638ஆம் ஆண்டில் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அக்கோட்டையைப் பிடித்தனர். வெற்றிக்குப்பின் அம்மட்டக்களப்பிலேயே அரசனுக்கும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டுக்கும் இடையே உடன்படிக்கை ஒன்று எழுதப்பட்டது. தீவின் ஏற்றுமதி வாணிபத்தில் ஒல்லாந்தருக்குத் தனியுரிமை அளித்தது அவ்வுடன்படிக்கை.

அவ்வோலையின் பயன் உடனே தெரியவில்லை. 1665க்கும் 1670க்கும் இடையில் ஒல்லாந்தர் திருகோணமலை, மட்டக்களப்பு முதலிய கிழக்குக்கரைத் துறைகளிற் காவலரை நிறுத்திய பின்னரே அதன் கடுமை மக்களுக்குப் புலனாயிற்று. அதுவரை கண்டிநாட்டுக் கொட்டைப்பாக்கு, தவளங்களில் மாட்டின் முதுகேறி மலையிறங்கிக் கரைக்கு வரும். சோழமண்டலக் கரையிலிருந்து துணியும் அரிசியும் தோணிகளில் வந்திறங்கும். இரண்டும் கைமாறும். சோனக வணிகரும் தமிழ் வணிகரும் தலைமுறை தலைமுறையாக இதனைச் செய்துவந்தனர். கும்பனியார் பாக்கின் ஏற்றுமதியையும் துணியின் இறக்குமதியையும் தம் கைக்குட் கொண்டுவர முயன்றனர். தாம் குறித்த விலைக்கே பாக்கை விற்றல் வேண்டும். தாம் கொணர்ந்த துணியையே வாங்கல் வேண்டும் என்றனர். சீட்டில்லாத தோணிகளைப் பறித்தனர்.

விளைவு யாது? துணி அருகிற்று; விலை ஏறிற்று; பாக்கு விலை போகாமற் கிடந்தது. தோணிக்காரர் மட்டும் சும்மா இருந்தாரல்லர். காவலுள்ள துறையை விட்டு ஆற்றுமுகங்களையும் களப்புகளையும் நாடினர். ஒல்லாந்தரின் கப்பல் ஆழங்கண்டு வெளியே நங்கூரமிட்டு நிற்க, தோணி கண்டற்காட்டின் நிழலிற் புகுந்து பண்டம் இறக்கி மீண்டது. பேரரசியர் சின்னப்பா அரசரத்தினம் 1958ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட, இலங்கையில் ஒல்லாந்தர் ஆதிக்கம் பற்றிய நூலிலே இக்காலத்து வாணிப நெருக்கடி விரிவாக ஆராயப்பட்டுள்ளது. கும்பனியின் ஏடுகளில் இத்தோணிக்காரர் கடத்தற்காரர் எனக் குறிக்கப்பட்டனர். அவர்தம் பாட்டனார் செய்ததும் அதே தொழில்; சென்றதும் அதே வழி; ஏற்றியதும் அதே பாக்கு. பாட்டன் வணிகன், பேரன் கள்வன்.

1766ஆம் ஆண்டில் கண்டியரசன் கீர்த்திசிறி இராசசிங்கன் போரிலே தளர்ந்து ஒல்லாந்தரோடு செய்துகொண்ட உடன்படிக்கையினாலே தீவின் கரை முழுவதும் அவர்கள் கைக்குச் சென்றது. கண்டிநாடு கடலைக் காணாத நாடாயிற்று. அதன்பின் உள்நாட்டான் ஒரு பொதி பாக்கை எந்தக் கரையில் ஏற்றினாலும் ஒல்லாந்தரின் வாயில் வழியே செல்லல் வேண்டும். ஆயினும் அவ்வாயிலும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1795, 1796ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் வந்து ஒல்லாந்தரின் கோட்டைகளைக் கைப்பற்றினர்.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததென்று எண்ணற்க. ஆங்கிலேயரின் சொந்த நாட்டிலும் இவ்வாறே நிகழ்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே தேயிலைக்கு நூற்றுக்கு நூறினும் மிகுதியாகத் தீர்வை விதித்தனர். கரையோர ஊர்களிற் சிறு பாய்க்கப்பல்கள் இராக்காலத்திலே தேயிலையை இறக்கின. குருமாரும் கனவான்களும் அதை வாங்கிக் குடித்தனர். 1784ஆம் ஆண்டில் முதலமைச்சர் இளைய பிற் அத்தீர்வையை நூற்றுக்குப் பன்னிரண்டரையாகக் குறைத்தார். தேயிலைக் கடத்தல் பெரும்பாலும் ஒழிந்தது. காவற்கப்பல்கள் பல்லாண்டு முயன்றும் செய்யமாட்டாததை ஒரு சட்டத்தாள் செய்துவிட்டது!

பொருளியலின் தந்தையெனப் போற்றப்படும் ஆதம் சிமித், இயற்கை ஒருபோதும் குற்றமெனக் கருதாத ஒன்றைச் சட்டம் குற்றமாக்கியதாலன்றோ கடத்தற்காரன் கெட்டான், இல்லையேல் அவன் நல்ல குடிமகனாகவே இருந்திருப்பான் என்னும் கருத்துப்பட 1776ஆம் ஆண்டில் எழுதினார். இரண்டு ஆண்டு கழித்து அவரே ஸ்கொத்துலாந்தின் சுங்க ஆணையாளருள் ஒருவரானார். பதவியேற்றபின் தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்தார். தாம் அணிந்திருந்த கழுத்துத்துணியும் கைக்குட்டையும் உட்பட உடைமைகள் பல அதில் அடங்கியிருக்கக் கண்டு அவற்றைத் தீயிலிட்டார் என்று அவர் கடிதத்தால் அறிகின்றோம். சட்டத்தை நடத்தும் அறிஞரின் அலுமாரியிலேயே கடத்தற்பொருள் இருந்ததாயின், எளிய தோணிக்காரனை யார் பழிக்கவல்லார்?

பாக்குநீரிணையின் அக்கரையிலும் ஒரு சான்று உண்டு. 1930ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் இராசகோபாலாச்சாரியார் தலைமையிற் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து சென்று உப்பு அள்ளினர்; சிறை சென்றனர். கடல் கொணர்ந்து கரையில் இட்ட உப்பை ஒரு பிடி எடுத்தல் அன்று குற்றம். அக்குற்றத்தைச் செய்தோரை நாடு இன்று போற்றுகின்றது.

இனி இருபதாம் நூற்றாண்டின் தோணிக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையார் மரக்கலம் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் வல்லவர். அவர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைப் பெருங்கடல்கள் கடந்து செலுத்திச் சென்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் நிறுத்தினர். இயந்திரக் கப்பல்கள் உலகை ஆண்ட அக்காலத்தில் ஓர் ஈழத்துப் பாய்க்கப்பல் இவ்வாறு சென்றது பெருமைக்குரிய செயல். பத்தாண்டு கழிந்தது. அதே கரை, அதே கைகள், அதே கடல். ஆயின் சட்டம் மாறிற்று.

1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்றது. அவ்வாண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டமும், குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் நிறைவேறின. அதுவரை தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் இடையே மக்கள் ஊருக்கு ஊர் செல்வதுபோலச் சென்றுவந்தனர். கோடிக்கரையிலிருந்து புறப்பட்ட தோணி நல்ல காற்றுண்டாயின் ஓரிரவில் வடமராட்சிக் கரையைச் சேரும். அங்கே பெண் கொடுத்தவரும் இங்கே பெண் எடுத்தவரும் உண்டு. இருகரைக் கோயிலுக்கும் நேர்ந்துகொண்டவர் உண்டு. புதிய சட்டத்தின்பின் கடவுச்சீட்டும் நுழைவனுமதியும் இல்லாது வருவோர் களவாக வந்தோராயினர். அவர்களை ஏற்றிவந்த தோணி 'கள்ளத்தோணி' ஆயிற்று. 1952ஆம் ஆண்டு முதல் அவர்களைத் தடுத்தற்கு இராணுவம் கரையோரங்களில் நிறுத்தப்பட்டது; இப்பணி பின்னர் விரிவாக்கப்பட்டு 1981ஆம் ஆண்டுவரை நீடித்தது.

இவ்விடத்திற் சற்றே நின்று கவனிக்க வேண்டியதொன்று உண்டு. 'கள்ளத்தோணி' என்ற சொல் முதலிற் தோணியைக் குறித்தது. பின்னர்த் தோணியில் வந்தவனைக் குறித்தது. அதன்பின், தோணியிலே வராதவனையும் குறிக்கலாயிற்று! மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் முன்னோர், வெள்ளையர் ஆட்சியிலே, அவ்வாட்சியினரின் அழைப்பின்பேரில், கங்காணிமாருடன் வந்தவர்கள். முற்காலத்தோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளை சேர்ந்தனர். வழியில் நோயால் இறந்தோர் பலர். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக்கப்பல் ஓடத் தொடங்கியபின் அவ்வழியாக வந்தோர் பலர். இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் அமைத்த முகாமிலே தங்கி, மருத்துவச் சோதனை முடித்து, சீட்டுப்பெற்று வந்தவர்கள் அவர்கள். இவர்களுடைய பேரப்பிள்ளைகளை, இந்நாட்டிலே பிறந்து இந்நாட்டுத் தேயிலையைக் கொய்தவர்களை, சந்தையிலும் பேருந்திலும் 'கள்ளத்தோணி' என்று ஏளனமாக அழைத்தவர் இருந்தனர். அவ்வாறு அழைத்தோருள் தமிழரும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தலாகாது.

1964ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிப்பது என்று வகுத்தது. மனிதரை மூட்டைகள்போல எண்ணிப் பிரித்த கணக்கு இது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள். ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, முதிர்ந்து, பெயர்த்தியைக் காணும் காலம் அது. அவ்வளவு காலமும் ஒரு தோணியின் பெயர் அம்மக்களின்மேற் கிடந்தது.

பண்டங்களின் கதையும் இத்தகையதே. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. இந்தியாவோ தங்கத்தைக் கட்டுப்படுத்தி 1968ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றியது. அக்காலத்திலே பாக்குநீரிணையில் இரவுதோறும் தோணிகள் ஓடின. பாய்க்குப் பதில் இயந்திரம் பூட்டப்பட்டது. இங்கிருந்து தங்கம் முதலியன சென்றன; அங்கிருந்து சேலைகளும் சாரங்களும் வந்தன. 1977ஆம் ஆண்டில் இலங்கை தன் சந்தையைத் திறந்தது. முன்னே சொன்ன திரைப்படம் வெளிவந்த ஆண்டும் அதுவே. திரையிலே கடத்தற் கலத்தை உலகம் வியந்து நோக்கிய அவ்வாண்டில், நம் கடைத்தெருக்களில் நேற்றுவரை ஒளித்து விற்ற பொருள்கள் பல விளக்கொளியில் அடுக்கப்பட்டன. இந்தியாவின் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990ஆம் ஆண்டில் நீங்கிற்று.

இவ்வளவு கூறியதால், கடத்துதல் எல்லாம் குற்றமற்றது என்று நான் வாதிப்பதாகக் கொள்ளற்க. போதைப்பொருளை ஏற்றும் படகு ஊரைக் கெடுக்கும் படகுதான். ஏழைகளிடம் பெரும்பணம் பறித்து, ஆழ்கடலுக்கு ஒவ்வாத கலத்தில் அளவுக்குமேல் அவர்களை ஏற்றி, அவுஸ்திரேலியாவுக்கு அனுப்புகின்றோம் என்று கூறி அலைநடுவே கைவிடுவோரும் உளர். அவர்களை எவரும் போற்றார். ஆயின் இங்கேயும் தீமை தோணியிலில்லை. ஏற்றிய பொருளிலும் ஏற்றியவன் நெஞ்சிலும் உள்ளது. பாக்கு ஏற்றியவனையும் நஞ்சு ஏற்றியவனையும் ஒரே பெயராற் குறிப்பது சட்டத்துக்கு எளிதாகலாம். வரலாற்றுக்கு அது தகாது.

1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிகழ்ந்தவற்றை நேயர்கள் அறிவீர்கள். உயிரைக் காத்துக்கொள்ள வடக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும் பல்லாயிரவர் தோணியேறி இராமேசுவரக் கரையில் இறங்கினர். கடவுச்சீட்டுக் கேட்டுப் பெறும் வேளையன்று அது. தாய் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு தோணியின் அடியிற் படுத்திருந்தாள். பண்டம் மறைத்த இடத்தில் மனிதர் மறைந்தனர். அக்கரையில் அவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடங்களுள் ஒன்று மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோர் தங்கிய அதே முகாம், இலங்கையிலிருந்து ஓடிவந்தோருக்குப் புகலிடமாயிற்று. சட்டத்தின் கண்ணில் அத்தோணிகளும் கள்ளத்தோணிகளே. அவற்றில் ஏறி உயிர்தப்பியோரை வினவினால் அவர்கள் வேறொரு பெயர் சொல்வர்.

மீண்டும் வெல்லாவெளிக்குத் திரும்புவோம். போர்க்காலத்திலே வாவியின் இரு கரைகளும் இரு வேறு நாடுகள்போலாயின. எழுவான்கரை அரசபடையின் ஆட்சியிலும், படுவான்கரையின் பெரும்பகுதி 2007ஆம் ஆண்டுவரை விடுதலைப் புலிகளின் ஆட்சியிலும் இருந்தன. பன்னூறாண்டு நெல்லும் மீனும் கைமாறிய நீரின் குறுக்கே சோதனைச்சாவடிகள் எழுந்தன. ஒரு கரையிற் சாதாரணமாக விற்கும் பொருளை மறுகரைக்குக் கொண்டுசெல்ல அனுமதி வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் காலத்துப் பாக்குக்கு நேர்ந்தது இக்காலத்து மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் நேர்ந்தது. மட்டக்களப்பு வாவியிலேயே ஓர் எல்லை வரையப்பட்டது. அவ்வெல்லை நீரில் வரைந்த கோடு. இன்று அதன் சுவடில்லை. தோணிகள் முன்போல் ஓடுகின்றன. மண்முனையிலே 2014ஆம் ஆண்டிற் பாலம் ஒன்றும் திறக்கப்பட்டது.

நேயர்களே, விண்வெளிக் கதையைப் பார்க்கும் சிறுவர் அச்சிறு சரக்குக் கலத்தை ஏன் நேசிக்கின்றனர்? பேரரசின் பெருங்கப்பல்கள் அஞ்சத்தக்கவை; சிறுகலமோ அஞ்சியோருக்கு இடங்கொடுப்பது. அந்த நேசம் நல்லதே. அச்சிறுவருக்கு நாம் ஒன்று சொல்லிக்கொடுத்தல் வேண்டும். திரையிலே கள்ளக்கலத்தில் ஏறித் தப்புவோரைக் கைதட்டி வரவேற்கும் நாம், நம் தெருவிலே ஒருவனைக் 'கள்ளத்தோணி' என்று அழைத்து இழித்தல் எவ்வாறு பொருந்தும்?

படுவான்கரையில் விளைந்த நெல்லை ஏற்றி எழுவான்கரைக்குச் சென்ற தோணிக்கு அம்மக்கள் இட்ட பெயர் 'பாதை'. அதனைவிட நல்ல பெயர் ஒரு கலத்துக்கு இல்லை. பாதையிற் கள்ளப் பாதை என்றும் நல்ல பாதை என்றும் நீர் அறியாது. அதனை வகுப்பவர் மனிதர். வகுத்ததை மாற்றக்கூடியவரும் மனிதரே. தோணி மனிதரைக் கரை சேர்க்கும். சேர்ந்தவரை எப்பெயரால் அழைப்பது என்பது கரையில் நிற்போர் கையில் இருக்கின்றது.